கவுன்டாச்: ஒரே காருக்கு எப்படி இத்தனை மூஞ்சி? எல்பி400 வாங்கவா, ஆனிவர்சரி வாங்கவா?

மினியேச்சர்_மணி

மக்களே ஒரு சந்தேகம். நான் 1:18 டைகாஸ்ட் (உலோகத்துல வார்த்த குட்டி மாடல் கார்) சேக்குற ஆளு. லம்போர்கினில மியூரா இருக்கு, டியாப்லோ இருக்கு, நடுவுல கவுன்டாச் மட்டும் இல்ல, ஷெல்ஃப்ல அந்த இடம் காலியாவே கெடக்கு. இந்த மாசம் முடிச்சிரலாம்னு கடைக்காரர்கிட்ட கேட்டா ரெண்டு வச்சிருக்கேன் எது வேணும்ங்கறார். ஒண்ணு 1974 எல்பி400, பச்சைக் கலர், றெக்கை கிடையாது, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல துருத்துற வளைவு) கிடையாது, கத்தி வச்சு சீவி விட்ட மாதிரி சுத்தமா இருக்கு. இன்னொண்ணு 1988 இருபத்தஞ்சாவது ஆண்டு எடிஷன், சிவப்பு, எங்க பாத்தாலும் புடைப்பு, கோடு கோடா ஓட்டை, பின்னாடி மூணு பேர் உக்காரலாம் போல டயரு.

ரெண்டு ஃபோட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரே காருன்னு நம்பவே முடியல. இந்தப் புடைப்பெல்லாம் நெஜமாவே தேவைப்பட்டு வந்துச்சா இல்ல 80ஸ் ஃபேஷனுக்கு ஒட்டுனதா? அப்புறம் 16 வருஷம் ஒரே மாடல ஏன் இழுத்துட்டுப் போனாங்க? கடைசியா வந்தது தான் நல்ல காருன்னா அதையே வாங்கிக்கிறேன். ரெண்டும் வாங்க பட்ஜெட் இல்ல, அதையும் சொல்லிடுறேன்.

வி12_வாசு

எல்பி400 வாங்குங்க, வேற பேச்சே இல்ல. காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1971 மார்ச், ஜெனீவா ஆட்டோ ஷோ. லம்போர்கினி ஸ்டாண்ட்ல மியூரா எஸ்வி நிக்குது, அது தான் அன்னைக்கு அவங்களோட டாப் மாடல். அதே ஹால்ல பெர்டோனிங்கற டிசைன் கம்பெனி ஸ்டாண்ட்ல மஞ்சள் கலர்ல எல்பி500ன்னு ஒரு ப்ரோட்டோடைப். டிசைன் மார்செல்லோ காந்தினி. மியூராவையும் வரைஞ்சது அதே மனுஷன் தான், ஆனா அதுல ஒரு நேர்கோடு தேடினாலும் கிடைக்காது, இதுல ஒரு வளைவு தேடணும். அஞ்சு வருஷத்துல ஒருத்தர் தன் கையெழுத்தையே மாத்திக்கிட்டாரு. ஒசரம் 107 சென்டிமீட்டர் தான், கதவு மேல தூக்குது, பாத்தவன் எல்லாம் வாயப் பொளந்துட்டான்.

ஷோல காட்டுனதுக்கும் ரோட்ல ஓட்டுறதுக்கும் நடுவுல மூணு வருஷம் போச்சு, கவுன்டாச்சோட கதையே அந்த மூணு வருஷத்துல தான் இருக்கு. ப்ரோட்டோடைப்ல 5 லிட்டர் இன்ஜின் வச்சிருந்தாங்க, டெஸ்ட்ல அது வெடிச்சுப் போச்சு, மியூராவுல ஏற்கனவே நம்பி ஓட்டிட்டு இருந்த 4 லிட்டருக்கே (3929 சிசி) திரும்ப வந்துட்டாங்க. டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ், நியூசிலாந்துக்காரரு, இத்தாலி ரோட்டுல அந்தக் கார ஓட்டு ஓட்டுன்னு ஓட்டி எங்க கொதிக்குது எங்க வளையுதுன்னு பூரா கண்டுபிடிச்சாரு. முதல் ஆளா மாட்டுனது சூடு. காந்தினி வரைஞ்சதுல காத்து உள்ள போறதுக்குன்னு பக்கவாட்டுல சின்னதா செவுள் மாதிரி இருந்துச்சு, ஒரு வி12க்கு (பன்னெண்டு சிலிண்டர் இன்ஜின்) அது எந்த மூலைக்கு? அதுக்காக தோள்பட்டைல ரெண்டு பெரிய பெட்டிய ஏத்துனாங்க, கதவுல இருந்து பின்னாடி வரைக்கும் ஒரு முக்கோணப் பள்ளம் வெட்டுனாங்க, அதுக்குப் பேரு நாக்கா டக்ட். இன்னைக்கு கவுன்டாச்னாலே நம்ம கண்ணுல நிக்கிறது அந்தப் பெட்டியும் அந்தப் பள்ளமும் தானே? ஒரிஜினல் டிசைன்ல அது ரெண்டுமே இல்ல. முதல் புடைப்பு வந்தது ரேடியேட்டர் பட்டினியில.

சேசிஸையும் மாத்திட்டாங்க. ப்ரோட்டோடைப்ல ஸ்டீல் ஷீட்டே பாதி பாரத்தத் தாங்குற செமி மோனோகாக், ப்ரொடக்ஷன்ல மெல்லிசு ட்யூபா வெல்டு பண்ணி ஒரு கூடு, அதுக்கு மேல அலுமினியம் தகடு. அந்த மஞ்சக் கார் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க, வயிறு எரியும். 1974ல இங்கிலாந்துக்கு அனுப்பி க்ராஷ் டெஸ்ட்ல செவுத்துல விட்டு நொறுக்கிட்டாங்க, சர்டிஃபிகேட்டுக்கு ஒரு கார் இடிச்சுக் காட்டணும், கையில எக்ஸ்ட்ரா கார் செய்யக் காசு இல்ல.

1974ல இருந்து 77 வரைக்கும் எல்பி400 மொத்தமே 150 சொச்சம். 375 குதிரை சக்தி, பக்கவாட்டுல படுத்த மாதிரி ஆறு வெபர் கார்புரேட்டர். டயர் அகலம் முன்னாடி 205 மில்லிமீட்டர், பின்னாடி 215, அவ்ளோ தான்! இன்னைக்கு நல்ல எஸ்யூவியே அத விட அகலமா போட்டுட்டு வருது. அதனால தான் ஆர்ச் தேவைப்படல, காந்தினி இழுத்த கோடு முன்னாடி மூக்குல இருந்து பின்னாடி வரைக்கும் எங்கயும் தட்டாம ஓடுது. அது கெட்டுப் போனது 1978ல.

ரென்ச்_ராஜா

வாசு அண்ணே சொன்னதுல தப்பில்ல, ஆனா எல்லாரும் பாடியப் பத்தியே பேசுறீங்க, கியர்பாக்ஸப் பத்தி யாரும் வாயத் திறக்கல. எனக்கு அந்தக் கார்ல பிடிச்சதே அது தான்.

மியூராவுல வி12 குறுக்க படுத்திருக்கும், கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே வார்ப்புல, ஆயில் கூட ரெண்டுக்கும் ஒண்ணு. கியர்ல பல்லு தேஞ்சு விழுற தூள் இன்ஜின் பேரிங் வரைக்கும் போகுதுன்னா எந்த மெக்கானிக்குக்குத் தூக்கம் வரும் சொல்லுங்க. கடைசியா வந்த எஸ்விகள்ல தான் ஆயில பிரிச்சாங்க. கியர் லிங்கேஜும் நீளம், போட்டா ஒரு எடத்துல விழுற மாதிரி இருக்காது.

அடுத்த கார்ல பவ்லோ ஸ்டான்சானின்னு சீஃப் இன்ஜினியரு ஒரு வேலை பண்ணாரு. இன்ஜின நீளவாக்குல வச்சாரு. சரி, எல்லாரும் வைக்கிறது தான். ஆனா நீளவாக்குல வி12 வச்சு அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸும் மாட்டுனா கார் ரயில் நீளத்துக்குப் போயிரும், வெயிட்டு பூரா வாலுல தொங்கும். மனுஷன் இன்ஜின அப்படியே திருப்பிப் போட்டு கியர்பாக்ஸ முன்னாடி, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கொண்டு வந்துட்டாரு. டிரைவர் கைக்குக் கீழயே கியர்பாக்ஸ், லிங்கேஜுன்னு பேசுறதுக்கே ஒண்ணும் இல்ல. சரி முன்னாடி வந்த பவர் பின் சக்கரத்துக்கு எப்படிப் போகும்? கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு ஷாஃப்ட், இன்ஜினோட சம்ப்புக்கு (அடில இருக்குற ஆயில் தொட்டி) உள்ளயே ஒரு குழாய் வழியா நுழைஞ்சு பின்னாடி டிஃப்ரன்ஷியலுக்குப் போகுது. வீல்பேஸ் 2450 மில்லிமீட்டர்ல முடிஞ்சிருச்சு, மியூராவ விடக் கம்மி! பேருல எல்பின்னு வர்றதே இன்ஜின் பின்னாடி நீளவாக்குல இருக்குங்கறதுக்குத் தான்.

ஓசில எதுவும் வரல, ஷாஃப்ட் அடில போறதால இன்ஜின கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டியதாப் போச்சு. ஆனாலும் இந்த லேஅவுட் எவ்ளோ நாள் ஓடுச்சு தெரியுமா? டியாப்லோ, மர்சியலாகோ, அவென்டடோர் எல்லாத்துலயும் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு முன்னாடி தான். 1993ல டியாப்லோ விடிக்கு நாலு வீல் டிரைவ் குடுத்தப்போ, கியர்பாக்ஸ் ஏற்கனவே முன்னாடி பாத்து நிக்கிறதால அங்க இருந்து முன் சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட் இழுக்க பெரிய வேலையே இல்லாமப் போச்சு. 2023ல ரெவுயெல்டோ வந்தப்போ தான் கியர்பாக்ஸ பின்னாடி குறுக்க வச்சு அந்த நடு சுரங்கத்துல பேட்டரிய அடைச்சாங்க. பாடி டிசைன் பழசாகும், ஸ்டான்சானி போட்ட கணக்கு அரை நூற்றாண்டு தாங்கிச்சு.

ரிவர்ஸ்_கியர்

இம்புட்டு இன்ஜினியரிங் பண்ணவங்க பின்னாடி பாக்குறதுக்கு ஒரு வழி பண்ணலயே 😂 கவுன்டாச்ச ரிவர்ஸ் எடுக்கணும்னா கதவத் தூக்கிட்டு, அந்த அகலமான சில் (கதவுக்குக் கீழ இருக்குற திண்டு) மேல ஒரு பக்கம் உக்காந்து, தலைய வெளிய நீட்டி, ஒரு கையில ஸ்டீயரிங் பிடிச்சுட்டு, கால நீட்டி கிளட்ச்ச மிதிச்சுட்டு வரணும். ஓனருங்க நெஜமாவே அப்படித் தான் எடுப்பாங்க, வீடியோ எக்கச்சக்கம் இருக்கு. கதவு மேல தூக்குறதுக்கு ஸ்டைல் ஒரு காரணம்னா இதுவும் ஒரு காரணம், சில் அவ்ளோ அகலம், சாதாரணக் கதவா இருந்தா ஒரு பார்க்கிங்ல இறங்கவே முடியாது. பக்கக் கண்ணாடியும் கொஞ்சூண்டு தான் இறங்கும், டோல்ல காசு நீட்டுறதுக்குள்ள பின்னாடி நிக்கிறவன் ஹார்ன் அடிச்சிருவான்.

மினியேச்சர்_மணி

ராஜா அண்ணே செம, கியர்பாக்ஸ் மேட்டர் சத்தியமா தெரியாது. வாசு அண்ணே, 78ல என்ன ஆச்சுன்னு பாதில விட்டுட்டீங்களே.

வி12_வாசு

சாப்பிடப் போயிட்டேன் தம்பி. 78ல வந்தது டயரு.

பிரெல்லி பி7னு ஒரு லோ ப்ரொஃபைல் டயர் கொண்டு வந்தாங்க, அந்தக் காலத்துல அது பெரிய சங்கதி. வால்டர் வுல்ஃப்னு கனடாவுல எண்ணெய் பிசினஸ் பண்ண ஒரு கோடீஸ்வரரு, சொந்தமா எஃப்1 டீமே வச்சிருந்தவரு, எல்பி400 வாங்கிப் பாத்துட்டு இது எனக்குப் பத்தாது, பி7 போட்டு, ஆர்ச் வச்சு, றெக்கை வச்சு குடுங்கன்னு தனியா செஞ்சு வாங்குனாரு. அவருக்காக செஞ்ச ஸ்பெஷல் கார் தான் அப்புறம் கம்பெனியோட அடுத்த மாடலே ஆச்சு, எல்பி400 எஸ். சஸ்பென்ஷன அந்த டயருக்குத் தக்க மாத்திக் குடுத்தது ஜியான்பாலோ டல்லாரா, ஆமா இன்னைக்கு ரேஸ் கார் செய்யுற அதே டல்லாரா தான்.

பின் டயர் 215ல இருந்து ஒரே தாவா 345! நாலு விரக்கடை வெளிய துருத்திட்டு நிக்கிற டயர மூடணும்ல, அதுக்கு ஃபைபர்ல ஆர்ச் செஞ்சு பாடில ஒட்டுனாங்க. அதுக்கேத்த மாதிரி டெலிபோன் டயல் போல அஞ்சு ஓட்டை வீல். வேடிக்கை என்னன்னா பவர் கூடல, 375ல இருந்து 353க்கு இறங்கிருச்சு. பாக்க பயில்வான், ஓட்டத்துல பழையவன் தான் வேகம். வளைவுல பிடிப்பு மட்டும் வேற லெவல், அத ஒத்துக்கிறேன்.

றெக்கைக்கு மட்டும் நான் மன்னிப்பே குடுக்க மாட்டேன். அது ஆப்ஷன். அது இருந்தா டாப் ஸ்பீடு குறையும், பின்னாடி அமுக்குறதால முன்னாடி மூக்கு லேசாகும், ஏற்கனவே மூக்கு லேசான கார் அது. பெட்டி வந்தது சூட்டுக்கு, ஆர்ச் வந்தது டயருக்கு, றெக்கை வந்தது ஒரு பணக்காரர் கேட்டாருன்னு. அது தான் போஸ்டர் ஆச்சு, அது தான் ஊர் ஊரா செவுத்துல ஒட்டுச்சு, என்ன பண்றது.

16 வருஷம் ஏன் இழுத்தாங்கன்னு கேட்டீங்கல்ல, பதில் ஒரே வார்த்தை, காசு. ஃபெருச்சியோ லம்போர்கினி 1972லயே பாதிக்கு மேல பங்க வித்துட்டாரு, 74ல மிச்சத்தையும் வித்துட்டு ஒதுங்கிட்டாரு. அதாவது கவுன்டாச் ரோட்டுக்கு வந்த வருஷம் பேர் வச்சவரே கம்பெனில இல்ல. ஸ்டான்சானி போனாரு, வாலஸ் போனாரு. 1978ல திவாலுன்னு கோர்ட்டுக்குப் போச்சு. புது கார் டிசைன் பண்ணனும்னா எவன் கடன் குடுப்பான்? இருக்குற ஒரே சட்டைய வெளுத்துப் போட்டு, கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போட்டு காலம் தள்ளுனாங்க. 80களோட தொடக்கத்துல மிம்ரான் பிரதர்ஸ் வாங்குன பிறகு தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு, 82ல 4754 சிசி எல்பி500 எஸ், குதிரை மறுபடி 375. பழைய எடத்துக்கு வரவே எட்டு வருஷம்!

ரென்ச்_ராஜா

அதுக்கு அடுத்தது 85ல குவாட்ரோவால்வோலே, அது தான் இன்ஜின் சைடுல முழுசா வேலை நடந்தது. 84ல ஃபெராரி டெஸ்டரோசா 390 குதிரையோட வந்து நிக்குது, சும்மா இருக்க முடியுமா? சிலிண்டருக்கு நாலு வால்வு, மொத்தம் 48, 5167 சிசி, 455 குதிரை. ஜூலியோ ஆல்ஃபியேரி செஞ்சது, மசெராட்டில வேலை பாத்துட்டு வந்த பெரிய கை.

பழைய இன்ஜின்ல கார்புரேட்டர் பக்கவாட்டுல படுத்திருக்கும், அதனால இன்ஜின் மூடி தட்டையா இருந்துச்சு. இதுல ஆறு வெபரையும் இன்ஜின் தலைக்கு மேல, வாய் மேல பாத்த மாதிரி நட்டு வச்சாங்க, காத்து நேரா கீழ விழும், மூச்சு நல்லா வாங்கும். ஆனா ஒசரம் கூடிருச்சே, அதுக்காக மூடில ஒரு பெரிய மேடு. ஏற்கனவே பின்னாடி தெரியாத காரு, இப்போ சுத்தம்! ரிவர்ஸ்_கியர் தம்பி சொன்ன சில் மேல உக்காருற வித்தைக்கு இன்னும் மவுசு கூடிருச்சு.

ஆறு கார்புரேட்டர்னா பன்னெண்டு தொண்டை. ஒவ்வொண்ணுலயும் காத்து ஒரே அளவு இழுக்குதான்னு மீட்டர் வச்சு ஒண்ணொண்ணா பாத்து ஸ்க்ரூவ கால் சுத்து அரை சுத்து திருப்பி சரி பண்ணனும், ஒண்ண தொட்டா பக்கத்துல இருக்குறது கோவிச்சுக்கும், திரும்ப முதல்ல இருந்து. ரெண்டு கார்புரேட்டர் இருக்குற பைக்குக்கே நான் படுற பாடு எனக்குத் தான் தெரியும். அமெரிக்காவுக்குப் போனதுல புகை சட்டத்துக்காக பாஷ் இன்ஜெக்ஷன் போட்டாங்க, குதிரை குறைஞ்சுச்சு, முன்னாடி பின்னாடி அந்த ஊரு பம்பர் ரூல்ஸுக்கு ஒரு கட்டைய மாட்டி விட்டாங்க, அது மாதிரி மாடல் மட்டும் தெரியாம வாங்கிராதீங்க மணி.

கார்பன்_கண்ணன்

எல்லாரும் ஆனிவர்சரிய ஓரமா தள்ளுறதப் பாத்துட்டு சும்மா போக மனசு வரல. அதுல கை வச்சது யாருன்னு சொன்னா மரியாதை தானா வரும், ஹொராசியோ பகானி! ஆமா, ஸோண்டா சூப்பர் கார் செஞ்ச அதே பகானி, அப்போ லம்போர்கினில சம்பளத்துக்கு இருந்தாரு.

கம்பெனி தொடங்குனது 1963, அதுக்கு 25 வருஷம்னு 88ல போட்டது. கோடு கோடா இருக்குன்னு திட்டுறீங்களே, அது பாதி கூலிங்குக்குத் தான். பின்னாடி இருந்த குறுக்குப் பெட்டிகள நீளவாக்குல திருப்பி, ரேடியேட்டருக்குக் காத்து ஒழுங்கா போற மாதிரி பண்ணாரு. 71ல இருந்து அந்தக் காருக்கு இருந்த அதே சூடு வியாதி, 88ல தான் ஒருத்தர் உக்காந்து பொறுமையா வைத்தியம் பாத்திருக்காரு. உள்ள சீட்டு எலக்ட்ரிக், மனுஷன் உக்காருற மாதிரி சீட்டு. எண்ணிக்கையிலயும் அதிகம் வித்த கவுன்டாச் இது தான், 650க்கு மேல. மொத்த கவுன்டாச்சே 2000க்கு முன்ன பின்ன தான்ங்கறப்போ இது ஒண்ணே மூணுல ஒரு பங்கு. 1990 ஜூலைல கடைசி கார் இறங்குச்சு, வெள்ளிக் கலர்.

பாக்க அழகா? இல்ல. அத நான் வாதாட மாட்டேன், சைடு ஸ்கர்ட்டப் பாத்தா எனக்கே கண்ணு கூசும். ஆனா மணி கேட்டது எது நல்ல காருன்னு, ஓட்டுறதுக்குன்னா இது தான்.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாது. இதுக்கு முன்னாடியே 87ல பகானி கவுன்டாச் எவல்யூசியோனேன்னு ஒரே ஒரு ப்ரோட்டோடைப் செஞ்சாரு, ட்யூப் கூட்டத் தூக்கிப் போட்டுட்டு கார்பன் ஃபைபர் கலவைல சேசிஸ், சாதாரண கவுன்டாச்ச விட சுமார் 500 கிலோ கம்மி. அதையும் கடைசில க்ராஷ் டெஸ்ட்ல இடிச்சுத் தொலைச்சாங்க, இவங்களுக்கு இதே வேலை. கார்பன் வேக வைக்க ஒரு ஆட்டோக்ளேவ் (அழுத்தம் குடுக்குற பெரிய அடுப்பு) வாங்கிக் குடுங்கன்னு கம்பெனிய கேட்டிருக்காரு, ஃபெராரிகிட்டயே இல்ல நமக்கு எதுக்குன்னுட்டாங்க. மனுஷன் கடன் வாங்கி தானே ஒண்ண வாங்கிட்டாரு, 91ல தனிக் கம்பெனி, 99ல ஸோண்டா.

ரிவர்ஸ்_கியர்

2021ல வந்த புது கவுன்டாச்ச விட்டுட்டீங்களே, எல்பிஐ 800-4, 112 கார்.

வி12_வாசு

வேணும்னே தான் விட்டேன். அவென்டடோர் அடில, சியான்ங்கற இன்னொரு லம்போர்கினில இருந்த சூப்பர் கெப்பாசிட்டர் ஹைப்ரிட்ட வச்சு, மேல பழைய முகமூடி. வண்டி மோசம்னு சொல்லல, 800க்கு மேல குதிரை. ஆனா காந்தினியே வெளிப்படையா எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அறிக்கை விட்டாரு. வாழ்நாள் பூரா பழசத் திரும்பப் பண்ணாத ஆளு, 2024ல காலமாகுற வரைக்கும் அதுல உறுதியா இருந்தாரு.

அந்தப் புது கவுன்டாச் வந்த 2021லயே கம்பெனியோட பழைய கார் பிரிவு இன்னொரு வேலையும் பண்ணுச்சு, ஒரு கஸ்டமருக்காக அந்த நொறுங்கிப் போன மஞ்ச எல்பி500ஐ ஃபோட்டோ, பழைய டிராயிங் எல்லாம் பாத்து முதல்ல இருந்து அப்படியே திரும்பச் செஞ்சாங்க, 25,000 மணி நேரத்துக்கு மேல வேலை, பிரெல்லி பழைய டயர் டிசைனையே மறுபடி ஊத்திக் குடுத்துச்சு. எனக்கு அந்த 112 காரும் வேணாம், இந்த ஒண்ணு போதும்.

மணி, எல்பி400னா ஒரு விஷயம் செக் பண்ணுங்க. ரூஃப் நடுவுல பின்னாடி நோக்கி ஒரு பள்ளம் ஓடணும். காந்தினி பின்னாடி பாக்க பெரிஸ்கோப் கண்ணாடி வைக்கத் தான் அந்தப் பள்ளத்த போட்டாரு, எல்பி400க்கு பெரிஸ்கோபியோன்னு செல்லப் பேரே உண்டு, பின்னாடி வந்த மாடல்ல அது போயிருச்சு. சில மலிவு மாடல்ல எஸ் அச்சுலயே ஆர்ச்ச சீவிட்டு எல்பி400ன்னு வித்துருவான்.

மினியேச்சர்_மணி

கடைக்காரர்கிட்ட ரூஃப் ஃபோட்டோ கேட்டு வாங்கிட்டேன், பள்ளம் இருக்கு! அட்வான்ஸ் போட்டாச்சு. கண்ணன் ப்ரோ கோவிச்சுக்காதீங்க, உங்க போஸ்ட் படிச்சு சிவப்ப எடுத்து வைக்கச் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் ஆடிட்டேன்.

கார்பன்_கண்ணன்

எதுக்குக் கோவம், அந்த சிவப்பு இன்னும் இருக்குன்னா கடை நம்பர இன்பாக்ஸ்ல தட்டுங்க.